பரவுவது எது?

சாம்பிராணி மணம் பரவியது. காய்ச்சல் பரவியது. வெளிச்சம் பரவியது. சேதி பரவியது. அலை பரவியது.

தம்பி தங்கைகளே, இந்த ஐந்து வாக்கியத்துக்கும் வினைச்சொல் ஒன்றுதான். ஓர் இடத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போவதையெல்லாம் நாம் ‘பரவுகிறது’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அறிவியல்காரர்கள் அப்படி விட மாட்டார்கள். யாராவது ‘பரவுகிறது’ என்றால் உடனே இரண்டு கேள்வி கேட்பார்கள். இடம் விட்டு இடம் போவது எது? போகப் போக அது குறைகிறதா, பெருகுகிறதா?

இந்த இரண்டு கேள்விகளோடு நம் பினாங்குத் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், மாலை நேரத்தில், மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் போயிருப்பீர்கள். பூக்கடை கண்ணில் படுவதற்கு முன்பே மல்லிகை மணம் வந்துவிடும். அப்போது உங்கள் மூக்குக்குள் வருவது என்ன? அந்தப் பூவிலிருந்து கழன்று வந்த மூலக்கூறுகள். பூவின் மிக மிகச் சிறிய பகுதி நிஜமாகவே உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. ஆக, மணம் பரவும்போது பொருளே பயணம் செய்கிறது. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் அது எப்படிப் பயணம் செய்கிறது என்பதில் ஒரு விசித்திரம் உண்டு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் மூலக்கூறுகள் சும்மா மிதந்துகொண்டிருக்கவில்லை. அவை சராசரியாக ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. பயணிகள் விமானத்தைவிட அதிக வேகம்! அப்படியானால் தெருமுனைப் பூவின் மணம் ஒரே வினாடியில் தெருக்கோடிக்குப் போய்விட வேண்டாமா? போகாது. ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு வினாடிக்குள் பல நூறு கோடி முறை அண்டை மூலக்கூறுகளோடு மோதுகிறது. மோதுகிற ஒவ்வொரு முறையும் திசை மாறுகிறது. முன்னே போகும், பின்னே வரும், பக்கவாட்டில் ஓடும். இவ்வளவு ஓடியும் கொஞ்சம்தான் நகரும். இப்படி, யாரும் தள்ளாமல், தானாகவே கலந்து பரவுவதைத்தான் பாடப்புத்தகத்தில் விரவல் என்கிறார்கள்.

விரவலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. துளிகூட அசையாத காற்றில் ஒரு வாசனை 5 செண்டிமீட்டர் பரவ ஏறக்குறைய 2 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 செண்டிமீட்டருக்கு 8 நிமிடம். 20க்கு 32 நிமிடம். 40க்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். 80 செண்டிமீட்டருக்கு எட்டரை மணி நேரம்! பூக்கடை மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போவதற்குள் பள்ளிக்கூடம் தொடங்கி முடிந்தே போய்விடும்.

அப்படியானால் மல்லிகை மணத்தை உங்களிடம் கொண்டுவந்தது யார்? கடல் காற்று. கடையின் மின்விசிறி. வெயிலில் சூடாகி மேலே எழும் காற்று. உங்களைக் கடந்து போன மோட்டார் சைக்கிள்கூட இருக்கலாம். வாசனை ‘தானாகப்’ பரவியது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது சவாரி செய்துதான் வருகிறது.

தானாகப் பரவுவதைக் கண்ணால் பார்க்க ஆசையா? தண்ணீரில் மைத்துளி விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தண்ணீர் உள்ளுக்குள் அசைந்துகொண்டே இருக்கும். எது விரவல், எது தண்ணீரின் ஓட்டம் என்று பிரித்தறிய முடியாது. அதற்குப் பதில் அகர் அகர் செய்யச் சொல்லுங்கள். நோன்பு மாதத்தில் பல வீடுகளில் கடற்பாசி என்று காய்ச்சுவார்களே, அதுதான். சர்க்கரை, தேங்காய்ப்பால், நிறம் எதுவும் சேர்க்காமல், கண்ணாடி போல் தெளிவாக ஒரு தட்டில் ஊற்றி இறுகவிடுங்கள். அடுப்பு வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இறுகியதும் நடுவில் உறிஞ்சுகுழலால் ஒரு சின்னக் குழி எடுத்து, அதில் சமையல் நிறம் ஒரு சொட்டு விடுங்கள். தட்டை மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, 1 மணி நேரம் கழித்து, 4 மணி நேரம் கழித்து, 16 மணி நேரம் கழித்து, குழியின் ஓரத்திலிருந்து நிறம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். அகர் அகருக்குள் தண்ணீர் ஓட முடியாது. காற்று கலக்க முடியாது. அங்கே நடப்பது விரவல் மட்டும். நேரம் நான்கு மடங்காகும்போது தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் கூடும். ஓரம் மங்கலாக இருப்பதால் அளவு கொஞ்சம் முன்பின் வரும், பரவாயில்லை. நிறம் வெளியே போகப் போக வெளிறுவதையும் கவனியுங்கள். ஒரு சொட்டுதான் விட்டீர்கள். அதைத்தான் எல்லா இடமும் பங்கு போட்டுக்கொள்கிறது. நம் இரண்டாவது கேள்விக்கு இங்கே விடை: குறைகிறது.

இவ்வளவு மெதுவான விரவலை நம்பித்தான் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்றால் நம்புவீர்களா? நுரையீரலின் காற்றறையிலிருந்து ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போவது விரவலால்தான். அங்கே கடக்க வேண்டிய சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தூரம் குறைந்தால் நேரம் அதைவிட வேகமாகக் குறையும் அல்லவா? அதனால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் காரியம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் விரவலாலேயே போக வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். இதயம் ஒன்று நமக்கு ஏன் இருக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காக மங்கும். பரவுவதால் வரும் நட்டம் அது. தீவின் வடமேற்கு மூலையில், முக்கா ஹெட் குன்றின்மேல், 1883இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. அந்த மாதிரி விளக்குகளில் கண்ணாடி வில்லைகளைப் பொருத்துவதே ஒளியை எல்லாப் பக்கமும் பரவவிடாமல் ஒரே கற்றையாகக் கடல் பக்கம் அனுப்பத்தான். பரவாமல் தடுத்தால்தான் தூரம் போகும்!

இப்போது பரவப் பரவக் குறையாத ஒன்றுக்கு வருவோம்.

1879இல் இதே பினாங்கில் ஒரு நகைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார் வூ லியென் தே. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தார். உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போய் மருத்துவம் படித்தார். திரும்பி வந்து ஜார்ஜ் டவுனில் மருத்துவம் பார்த்தார். அபினுக்கு எதிராகப் பேசி, அபின் வியாபாரத்தில் சம்பாதித்தவர்களின் பகையையும் சம்பாதித்தார். பிறகு சீன அரசு அழைக்க, அங்கே போய்விட்டார்.

1910 டிசம்பரில் சீனாவின் வடகிழக்கில், கடுங்குளிரில் உறைந்து கிடந்த ஹார்பின் நகரத்தில், ஒரு நோய் மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்தது. போய்ப் பார்க்கச் சொல்லி வூவை அனுப்பினார்கள். அப்போது அவருக்கு 31 வயது. பரிசோதித்ததில் அது பிளேக் என்று தெரிந்தது. பிளேக் என்றால் எலி; எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி கடித்தால் மனிதனுக்கு வரும். அந்தக் காலத்து மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடம் இதுதான். ஆனால் ஹார்பினில் பிடித்து அறுத்துப் பார்த்த எலிகளில் பிளேக் கிருமி இல்லை. வூ யோசித்தார். எலியிடம் இல்லை, ஆனாலும் நோய் வீடு வீடாகப் போகிறது. அப்படியானால் அதைச் சுமந்துகொண்டு போவது எது? ஒருவர் இருமும்போது தெறிக்கும் எச்சில் திவலைகள், அவர் விடும் மூச்சு. நோய் நுரையீரலில் இருந்தது. மனிதனிடமிருந்து மனிதனுக்கு நேராகப் பாய்ந்தது.

பெரிய மருத்துவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் அனுபவசாலி, வயதிலும் மூத்தவர். எலிதான் காரணம் என்று உறுதியாக நம்பிய அவர், முகத்தை மூடாமலேயே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அதே நோயில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் ஊரே முகக்கவசத்தைத் தேடியது.

வூ வடிவமைத்த முகக்கவசம் மிக எளிமையானது. மெல்லிய துணிக்குள் பஞ்சை அடுக்கி வைத்து, தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்வது. எங்கே வேண்டுமானாலும் மலிவாகச் செய்துகொள்ளலாம். கோவிட் காலத்தில் உங்கள் வீட்டில் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்தார்களே, அவற்றின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. கூடவே இன்னும் சில வேலைகள் நடந்தன. நோயாளியோடு பழகியவர்களைத் தனியே வைக்க ரயில்வேயிடமிருந்து சரக்குப் பெட்டிகளை வாங்கித் தங்குமிடமாக்கினார்கள். ரயில் பயணத்தைக் கட்டுப்படுத்தினார்கள். ஏன் ரயில்? அந்த நோய் ஊர் விட்டு ஊர் போனது ரயிலில்தான். சீனப் புத்தாண்டுக்கு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களோடு அதுவும் பயணச்சீட்டில்லாமல் ஏறிக்கொண்டது.

மணத்துக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நிறுத்திப் பார்ப்போம். மல்லிகை மணம் பத்துத் தெரு தள்ளிப் போனால் இல்லாமல் போய்விடும். நோய் அப்படியல்ல. புதிதாக அது புகும் ஒவ்வோர் உடம்பிலும் கிருமி மறுபடி கோடிக்கணக்கில் பெருகுகிறது. அங்கே முதல் சொட்டு மறுபடி மறுபடி புதிதாக ஊற்றப்படுகிறது.

ஒரு நோயாளி இரண்டு பேருக்குக் கொடுக்கிறார், அந்த இருவர் நான்கு பேருக்கு, அந்த நால்வர் எட்டுப் பேருக்கு. தாளில் கணக்குப் போடுங்கள். 10ஆவது சுற்றில் புதிதாக நோய் பெறுபவர் 1,024. அவ்வளவுதானா என்று தோன்றும். 20ஆவது சுற்றில் 1,048,576. அதுவரை நோய் பெற்ற எல்லாரையும் கூட்டினால் 2 மில்லியனைத் தாண்டிவிடும். 2020 கணக்கெடுப்பின்படி பினாங்கு மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 1.74 மில்லியன்தான். இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். முகக்கவசத்தாலும் தனிமைப்படுத்துவதாலும் இரண்டு நோயாளிகள் சேர்ந்து ஒருவருக்குத்தான் கொடுக்க முடிகிறது என்றால்? 1,024 பேர் 512 ஆவார்கள், பிறகு 256. பத்தே சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். நோயை ஒழிக்க ஒவ்வொரு கிருமியையும் தேடிக் கொல்லத் தேவையில்லை. ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்ற எண்ணை ஒன்றுக்குக் கீழே இறக்கிவிட்டால் போதும். பிளேக்கைக் குணப்படுத்தும் மருந்து அப்போது கிடையாது. ஹார்பின் இருக்கும் மஞ்சூரியா வட்டாரம் முழுவதும் ஏறக்குறைய 60,000 பேர் இறந்தார்கள். ஆனாலும் 1911 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஹார்பினில் புதிய நோயாளிகள் வருவது நின்றுவிட்டது. வூ பிற்காலத்தில் மலாயாவுக்கே திரும்பி வந்து, 1960இல் பினாங்கில் காலமானார்.

கடைசியாக அலை. இதில் பரவுவது எது என்பதுதான் கொஞ்சம் ஏமாற்றுகிற கேள்வி.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் கூட்டத்துக்கு நடுவே நின்றிருக்கிறீர்களா? பின்னால் எங்கோ ஒருவர் தள்ளுவார். அந்தத் தள்ளு ஒவ்வொருவராகத் தாண்டி வந்து உங்கள் முதுகில் விழும். தள்ளியவர் வரவில்லை, தள்ளு மட்டும் வந்தது. கடல் அலையும் இப்படித்தான். நடுக்கடலில் அலை ஓடும்போது தண்ணீர் ஏறி இறங்கி, முன்னும் பின்னும் ஆடி, ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஓடுவது ஆற்றல்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரம் காலை 8.59. சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அருகே கடலடியில் பெரிய நிலநடுக்கம். உங்களில் யாரும் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அது தொடங்கிய இடத்திலிருந்து பினாங்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 530 கிலோமீட்டர். தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். சுனாமி முதலில் எங்கே போயிருக்கும்?

நாகப்பட்டினத்துக்கு! அங்கே ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் போய்விட்டது. பினாங்குக்கு வந்தபோது பகல் ஒரு மணியைத் தாண்டிவிட்டது. நான்கு மணி நேரத்துக்கும் மேல். பக்கத்து வீட்டுக்குத் தாமதமாகவும் தூரத்து ஊருக்குச் சீக்கிரமாகவும் போனது ஏன்?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். முதல் காரணம் கண்ணில் படும்: நடுவே சுமத்திரா தீவு குறுக்கே கிடக்கிறது. அலை தரையைத் துளைத்துக்கொண்டு வராது. சுமத்திராவின் வடமுனையைச் சுற்றித்தான் வர வேண்டும். தடையின் ஓரத்தில் அலை வளைந்து அந்தப் பக்கமும் பரவுவதை விளிம்பு விளைவு என்பார்கள். இதே காரணத்தால்தான் அன்று இந்தியாவின் மறுபக்கத்தில், பாதுகாப்பாக இருக்க வேண்டிய கேரளக் கரையிலும் சுனாமி ஏறியது. இலங்கையையும் கன்னியாகுமரியையும் சுற்றி அது வளைந்து போயிருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடலடி உடைந்தது ஒரு புள்ளியில் அல்ல. சுமத்திராவிலிருந்து அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு உடைந்தது. அந்த நீண்ட கோட்டிலிருந்து அலையின் பெரும் வலிமை கிழக்கிலும் மேற்கிலும் போனது. வடக்கே இருக்கும் வங்காளதேசத்துக்கு அதிகச் சேதமில்லை. குளத்தில் கல் போட்டால் வட்டமாக அலை வரும் என்று படித்திருப்போம். கடல் எப்போதும் அந்தப் பாடத்தைக் கேட்பதில்லை.

இரண்டாவது காரணம் வரைபடத்தில் தெரியாது, ஏனென்றால் அது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது: ஆழம். சுனாமியின் வேகத்தைக் கண்டுபிடிக்க, கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து, 10ஆல் பெருக்கி, வர்க்கமூலம் காணுங்கள். (பெரிய வகுப்புக்குப் போனால் 10க்குப் பதில் 9.8 போடச் சொல்வார்கள்.) வங்காள விரிகுடாவில் 4,000 மீட்டர் ஆழம் என்றால் 40,000இன் வர்க்கமூலம், வினாடிக்கு 200 மீட்டர். மணிக்கு 720 கிலோமீட்டர். மலாக்கா நீரிணையோ ஆழமில்லாத கடல். 50 மீட்டர் ஆழத்தில் வினாடிக்கு 22 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போகும் கார்கூட முந்திவிடும். ஆழ்கடலில் அந்த அலையின் உயரம் பெரிதல்ல. நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு செயற்கைக்கோள் தற்செயலாக மேலே பறந்தபோது அளந்தது ஏறக்குறைய 60 செண்டிமீட்டர்தான். ஆழம் குறையும்போது முன்வரிசை வேகம் இழக்கிறது, பின்வரிசை வந்து ஏறுகிறது, அலை உயர்கிறது.

அன்று பினாங்கில் கடலோரத்தில் விடுமுறைக் கூட்டம். 52 பேர் இறந்தார்கள். மலேசியா முழுவதும் 68 பேர்.

இதில் என்னை இன்றைக்கும் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த ஒரே நிலநடுக்கத்திலிருந்து அன்று மூன்று விஷயங்கள் வெளிப்பக்கமாகப் புறப்பட்டன. ஒன்று, நில அதிர்வு. அது பாறை வழியே வினாடிக்குப் பல கிலோமீட்டர் ஓடி, இரண்டு மூன்று நிமிடங்களில் பினாங்கை அடைந்துவிட்டது. உயரமான அடுக்குமாடிகளில் இருந்த பலர் கட்டடம் ஆடியதை உணர்ந்தார்கள். இரண்டாவது, கடலலை. அதற்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூன்றாவது, சேதி. தொலைபேசியும் வானொலியும் இருந்த காலம் அது. சேதிதான் எல்லாவற்றையும் முந்தியிருக்க வேண்டும். மலேசிய நேரம் காலை பதினொரு மணியளவில் தாய்லாந்தின் புக்கெட் கரையில் அலை ஏறிவிட்டது. ஆனாலும் பினாங்கின் பத்து ஃபிரிங்கி கடற்கரையில் பகல் ஒரு மணிக்குப் பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கடலோரத்துக்கு யார் சொல்வது என்று இந்தியப் பெருங்கடல் நாடுகளில் அப்போது ஏற்பாடே இல்லை.

பிறகு அந்த நாடுகள் சேர்ந்து எச்சரிக்கை வலையை அமைத்தன. ஆழ்கடலின் தரையில் வைத்த கருவிகள் மேலே உள்ள தண்ணீரின் எடையை அளக்கின்றன. சுனாமி தாண்டிப் போகும்போது சில செண்டிமீட்டர் நீர் கூடினாலே கண்டுபிடித்து, மிதவை வழியாகச் செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிடும்.

நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். கடற்கரையில் இருக்கும்போது நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கி மீன்கள் தரையில் துள்ளினாலோ, வேடிக்கை பார்க்காதீர்கள். அறிவிப்புக்கும் காத்திருக்காதீர்கள். குன்றுப் பக்கம் ஓடுங்கள். முடியாவிட்டால் உறுதியான கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறுங்கள். முதல் அலை வடிந்ததும் இறங்கி வந்துவிடக்கூடாது. சுனாமி ஒற்றை அலையல்ல. அடுத்தது அரை மணி நேரம் கழித்தும் வரலாம், ஒரு மணி நேரம் கழித்தும் வரலாம். சில சமயம் அதுதான் முதலாவதைவிடப் பெரிது.